பத்துப் பாத்திரம்: துலக்கியவர் பக்கத்திலிருந்து ஒரு வரலாறு

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1912-இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் அது. அதுவரை நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை, குரோமிய உப்பில் பதனிட்டார்கள். கம்பெனி போய்விட்டது, பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது. இதே குரோமியம்தான் இன்று நம் எல்லோர் வீட்டு எவர்சில்வர் தட்டையும் துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறது. இது தற்செயல்தான். ஆனால் சென்னையில் குரோம் தோலுக்கும் நவீனப் பாத்திரத்துக்கும் பின்னால் ஒரே மனிதர் இருந்தார் என்பது தற்செயல் இல்லை.

அவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவரிடம் வந்தது. இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் அதே வளாகத்தில், 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவை அவர் தொடங்கினார். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகளுக்குப் புது உலோகத்தைக் கொடுத்துப் பார்த்தார். தொழில் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் அது ஒரு தனியார் கம்பெனியின் கைக்குப் போனது. அடுத்ததாக 1903 வாக்கில் குரோம் தோல் சோதனைகளில் இறங்கினார். கவலை இறைக்கும் தோல் சால்கள் சீக்கிரம் இற்றுப்போகாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

இந்தக் கதையைத் தொழில் வரலாறு எழுதியவர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அரசாங்கம் தொழிலில் இறங்கித் தனியாரோடு போட்டியிடலாமா என்ற சண்டை, ஐரோப்பிய வணிகர்களின் எதிர்ப்பு, 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு போட்ட தடை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. கன்னார்களின் பிழைப்பு பேசப்பட்டது, உலோகத்தின் விலை பேசப்பட்டது. அந்தப் பாத்திரத்தை மறுநாள் காலையில் யார், எதைக் கொண்டு, எவ்வளவு நேரம் தேய்ப்பார்கள் என்பது இந்த விவாதத்துக்குள் வரவே இல்லை. அதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன். பித்தளையும் கல்சட்டியும் மண்பாண்டமும் அழகான விளக்கச் சீட்டுகளோடு நம் புறநகர் வீடுகளுக்குத் திரும்பி வரும் இந்த நேரத்தில் பேச வேண்டியிருக்கிறது.

‘பத்துப் பாத்திரம்’ என்ற சொல்லை எண்ணிக்கை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பற்று. சோறு பற்றிய, எச்சில் பற்றிய பாத்திரம். தீட்டின் சொல் அது. சமைத்த சோறு ஒட்டியிருக்கும் பாத்திரத்தைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்ற வீட்டில், அதைத் துலக்கும் கை யாருடையது என்பதும் கூடவே முடிவாகிவிடுகிறது. வசதியில்லாத வீட்டில் மருமகள். வசதியுள்ள வீட்டில் வேலைக்கு வருகிறவர். எந்த வீட்டிலும் ஆண் இல்லை.

என் பாட்டி வீட்டில் கிணற்றடியில் ஒரு கல் இருந்தது. துலக்கித் துலக்கி நடுவில் குழிந்துபோன கல். பித்தளைக்குப் புளிச் சக்கை, வெண்கலத்துக்குச் சாம்பல், அடிப்பிடித்ததற்குச் செங்கல் பொடி, தேய்க்கத் தேங்காய் நார் அல்லது வைக்கோல் பிரி. விறகடுப்பில் ஏற்றுமுன் பானையின் வெளிப்புறத்தில் சாம்பலையோ மண்ணையோ குழைத்துப் பூசிவிடுவார்கள். கரி அந்தப் பூச்சின் மேல் படியும், கழுவும்போது பூச்சோடு சேர்ந்து வந்துவிடும். இதை எந்தக் கலைப் பள்ளியும் கற்றுத் தரவில்லை. உலோகம் தீயில் என்ன செய்யும், புளியில் என்ன செய்யும் என்று அறிந்த பெண்கள் கண்டுபிடித்த நுட்பம். பொருளறிவு என்றால் இதுவும்தான். ஆனால் ‘கைவினை’ என்று நாம் சொல்லும்போது பாத்திரத்தைத் தட்டியவர் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார்.

பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், உண்டால் வாந்தி வரும். ஆகவே உள்ளே ஈயம் பூச வேண்டும். “ஈயம் பூசறதேய்” என்று தெருவில் குரல் கேட்டால் பெண்கள் அண்டாவையும் தேக்சாவையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் நிலவு போலாகும். பார்க்க அத்தனை அழகு. அந்தப் பூச்சு தேய்வதற்குள் அடுத்த முறைக்குக் காசு சேர்க்க வேண்டும், மறந்து புளியை ஊற்றிவிடாமல் கவனிக்க வேண்டும். குடும்பத்தின் வயிற்றுக்குப் பொறுப்பு அவள்.

சாட்டர்டனின் அலுமினியம் இந்தப் பாரத்தில் பாதியைத்தான் குறைத்தது. எடை குறைந்தது, விலை குறைந்தது, ஈயம் வேண்டாம். ஆனால் புளி அதையும் அரித்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தால் கீறியது, கீழே விழுந்தால் நசுங்கியது. ‘ஏழைகளின் பாத்திரம்’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கல்யாணச் சீரில் அதை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எவர்சில்வர் வேறு கதை. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்காகச் செய்த சோதனைகளில் பிறந்த உலோகம். இரும்போடு பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேர்ந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டுத் தானே மறுபடி மூடிக்கொள்ளும். நல்ல பாத்திரத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். உலகம் அதை ‘கறையில்லாத எஃகு’ என்றது. தமிழ்ப் பெண்கள் ‘எவர்சில்வர்’ என்றே சொல்லிப் பழகினார்கள், என்றும் வெள்ளி. வெள்ளி வாங்க முடியாதவர்களுக்குக் கிடைத்த வெள்ளி. தொடக்கத்தில் தகடு பெரும்பாலும் இறக்குமதி, ஆகவே விலை அதிகம். ஒரு வீட்டில் இரண்டு டம்ளர் இருந்தால் அது விருந்தாளிக்கு. 1981-இல் சேலம் உருக்காலை தகடு உருட்டத் தொடங்கிய பிறகும், பிற ஆலைகள் வந்த பிறகும்தான் அது எல்லா வீட்டுக்கும் இறங்கி வந்தது. தகட்டைப் பாத்திரமாக்கிய பட்டறைகள் வட சென்னையில், வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம். மெருகு போடும் சக்கரத்தின் தூசியை மூச்சில் வாங்கியவர்கள் அங்கே இருந்தார்கள். நாம் சாப்பிடும் தட்டின் பளபளப்பு அவர்கள் நுரையீரல் வழியாக வந்தது.

தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதன் பிறகு பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் என்று தண்டவாளத்தை ஒட்டி வீடுகள் பெருகின. கூட்டுக் குடும்பத்தை விட்டு வந்த கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். கிணற்றடி போய்த் தொட்டி வந்தது. மாமியாரும் நாத்தனாரும் பிரித்துச் செய்த வேலை ஒருத்தி தலையில் விழுந்தது. கூடவே அவள் எட்டு மணி ரயிலைப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம், நம் வாயில் ‘மெப்ஸ்’, தொடங்கியபோது ஆடை, மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் ஷிஃப்டு வேலைக்குப் போனார்கள். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். புளிசாதத்தை எட்டு மணி நேரம் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாத பாத்திரம். சோப்பு போட்டு ஒரு அலசு அலசினால் போதும். பெண் விடுதலையைப் பற்றி எழுதும்போது சட்டங்களை எழுதுகிறோம், இயக்கங்களை எழுதுகிறோம், அவை வேண்டும்தான். ஈயம் பூச வேண்டாத ஒரு டிபன் பாக்ஸையும் அந்தப் பட்டியலில் ஒரு மூலையில் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை கொடுத்தோம். அது பேசப்படுவதே இல்லை.

“பழைய துணிக்குப் பாத்திரம்” என்று கூவிக்கொண்டு கூடையோடு வருவார்கள். கணவரின் இரண்டு பேண்ட்டுக்கு ஒரு கிண்ணம், ஜரிகைப் புடவைக்கு ஒரு தூக்குவாளி. சீப்பில் சிக்கிய தலைமுடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் சேர்த்து வைத்து அதற்கும் பாத்திரம் வாங்கியவர்கள் உண்டு. கையில் காசில்லாத பெண்கள் தங்கள் உடம்பில் உதிர்ந்ததை வைத்து நடத்திய வியாபாரம். பேரம் பேசுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. இதே வாசலில்தான் பித்தளையும் போனது. பாட்டி கொண்டுவந்த குடம், அண்டா, உருளி எல்லாம் எடை போடப்பட்டு எவர்சில்வராகத் திரும்பின. கனமான ஒரு பித்தளைக்கு லேசாக மின்னும் மூன்று. பெண்கள் சந்தோஷமாகத்தான் மாற்றினார்கள், கை வலி அவர்களுக்குத்தான் தெரியும்.

பித்தளை, செம்பு எடைக்கு மதிப்புள்ளவை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அண்டாவை அடகுக் கடையில் வைக்கலாம். புருஷனைக் கேட்க வேண்டியதில்லை. எவர்சில்வரை அடகுக்கு எடுப்பாரில்லை. பழையதாக விற்றால் கிடைப்பது மிகச் சொற்பம். நேரம் கிடைத்தது, சேமிப்பு போனது. இதை அற்பமான விஷயம் என்று தள்ளுகிறவர்கள் ஓர் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்து கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது 1989-இல்தான். அதுவும் அதற்கு முன் திருமணமாகிப் போயிருந்த பெண்களுக்குப் பொருந்தவில்லை. நிலம் அண்ணன் தம்பிக்கு, நகையும் பாத்திரமும் பெண்ணுக்கு என்று இருந்த காலத்தில், நகை புகுந்த வீட்டுப் பெட்டிக்குள் போய்விட்டால் அவள் கையில் மிச்சமிருந்த சொத்து அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தவைதான்.

அதனால்தான் பெயர் வெட்டினார்கள். பாத்திரக் கடையில் வாங்கியதுமே இனிஷியலோடு பெயர், தேதி, ‘அன்பளிப்பு’ என்று புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்கள். எந்த ஆவணத்திலும் பெயர் ஏறாத பெண்களின் பெயர் ஒரு சம்படத்தின் விளிம்பில் ஏறியது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதிலும் ஒரு கதை இருக்கிறது. பித்தளையில் பெரும்பாலும் தகப்பன் பெயரின் முதலெழுத்து, எவர்சில்வரில் கணவனுடையது. சிலவற்றில் கொடுத்த மாமாவின் பெயர் முழுதாக இருக்கும், வாங்கிக்கொண்ட பெண்ணின் பெயரே இருக்காது. பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோடில் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சில காலம் நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பழைய பாத்திரங்களின் எழுத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். புறாக் கூண்டுக்கும் மோட்டார் உதிரிபாகத்துக்கும் நடுவில், தார்ப்பாய் மேல் கிடக்கும் பெண்களின் பெயர்கள். ஒரு வியாபாரி, “பேர் இருந்தா போகாதும்மா, பாலீஷ் போட்டு எடுத்துட்டாத்தான் வெலை” என்றார். வாங்குகிறவர்களுக்குப் பழமை வேண்டும், ஆனால் யாருடைய பழமை என்று தெரியக் கூடாது போலிருக்கிறது.

அதே சந்தையில் சாப்பாட்டு மேசைகளும் வரிசையாக நிற்கும். சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் மேசை, நான்கு நாற்காலி. எண்பது, தொண்ணூறுகளில் புறநகர் வீடுகள் வாங்கியவை. தரையில் இலை போட்டுச் சாப்பிட்ட காலத்தில் ஒவ்வொரு பந்திக்கும் பெண் எத்தனை முறை குனிந்தாள், எழுந்தபின் எச்சிலிட்டுத் தரையை எத்தனை முறை துடைத்தாள் என்று நினைத்தால் மேசையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இடுப்பு பிழைத்தது. உட்காரும் வரிசை மட்டும் மாறவில்லை. ஐந்து பேர் வீட்டில் நான்கு நாற்காலி போதுமானதாகவே இருந்தது.

இப்போது திரும்பி வருகிறவற்றைப் பார்ப்போம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் போகும் வழியெங்கும் அடுக்குமாடிகள். அங்கே குடியேறிய இளம் குடும்பங்கள் பிளாஸ்டிக்கும் நான்ஸ்டிக்கும் வேண்டாம் என்கிறார்கள். தியாகதுருகம், சேலம் பக்கத்து மாக்கல் சட்டி, இரும்புத் தோசைக்கல், வெண்கல உருளி, வேப்பமரக் கரண்டி, பழைய தேக்கை அறுத்துச் செய்த மேசை. நல்ல விஷயம்தான். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவும், சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கைவினை மன்றமும் (கமலாதேவி சட்டோபாத்யாய் 1964-இல் தொடங்கியது) கைவினைஞரின் பெயரையும் ஊரையும் நமக்குச் சொல்லிக் கொடுத்தன. அந்தப் படிப்பினை பெரியது. பொருள் எங்கிருந்து வந்தது, யார் செய்தது, நியாயமான கூலி கிடைத்ததா என்று கேட்கப் பழகிவிட்டோம்.

செய்தவர் யார் என்பதிலும் பாதிதான் சொல்லப்படுகிறது. மண்பாண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் குயவர் வீட்டுப் பெண் சக்கரத்தைத் தொடக் கூடாது என்ற விலக்கு இருந்தது. மண்ணை மிதித்துப் பிசைந்து, கல் பொறுக்கி, காய்ந்த பானைக்கு மெருகு தேய்த்து, சூளைக்குச் சுமந்து, சந்தையில் உட்கார்ந்து விற்றது அவள். வனைந்தவர் என்ற பெயர் அவருக்கு. 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறை இந்த இடத்தில் முக்கியமானது. சாதாரண மண்பானையைவிட மிக அதிகச் சூட்டில் சுட்ட, மெருகுப் பூச்சுள்ள தட்டும் கிண்ணமும் அங்கே உருவாயின. இன்று தமிழகத்தில் கையால் வனைந்த தட்டில் சாப்பிடுகிறவர்களில் பலர் அறிந்தோ அறியாமலோ அந்தப் பட்டறையின் வழியில் வந்ததைத்தான் வைத்திருக்கிறார்கள். சக்கரத்தில் உட்காரும் பெண்ணை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. அந்தப் பூச்சு எண்ணெயை உள்ளே இழுக்காது, ஆகவே சோப்பு போட்டுக் கழுவலாம். அழகும் கழுவுகிறவளின் சௌகரியமும் சேர்ந்தே வர முடியும் என்பதற்கு இது சாட்சி.

மற்றவற்றில் அப்படி இல்லை. கல்சட்டியோடு வரும் சீட்டைப் படியுங்கள். எண்ணெய் தடவி ஊற வைக்கவும், தொடர்ந்து பல நாள் வடிகஞ்சி ஊற்றிப் பழக்கவும், முதலில் சிறு தீயில் மட்டும் வைக்கவும். இரும்புக்கு: ஈரம் துடைத்து எண்ணெய் தடவி வைக்கவும். பித்தளைக்கு: புளி கொண்டு தேய்க்கவும். எல்லாம் ‘வைக்கவும்’, ‘தேய்க்கவும்’. யார் என்று இல்லை. வடிவமைப்பாளர்கள் படித்தவர்கள், அவர்களிலும் நிறையப் பெண்கள். அவர்களிடம் எனக்கு இருப்பது சண்டையில்லை, சில கேள்விகள். உருளியின் வெளிப்புறத்தில் செதுக்கிய கொடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் எந்த நாரை விட்டு எடுப்பது? தண்ணீர்ச் சொம்பின் கழுத்துக்குள் ஒரு பெண்ணின் கை நுழையுமா? தட்டின் விளிம்பை உள்ளே சுருட்டி மடித்தால் அந்த மடிப்பில் தங்கும் சோற்றுக்கு என்ன வழி? (எவர்சில்வர் தட்டிலும் இந்தக் குறை உண்டு, குண்டூசி வைத்து நோண்டியிருக்கிறேன்.) நிறைந்த சட்டியை ஒரு கையால் இறக்க முடியுமா? கூர்மூலையில்லாத உள்வளைவு, அகன்ற வாய், பிடிக்க வாகான காது, இவையும் வடிவமைப்புதான். விலைப்பட்டியலில் இவற்றைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை.

ஏனென்றால் இந்த வீடுகளில் துலக்குவது வாங்கியவள் இல்லை. மேடவாக்கத்திலிருந்தோ பெருங்களத்தூரிலிருந்தோ பஸ் பிடித்து வரும் இன்னொருத்தி. வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது 2007-இல். குறைந்தபட்சக் கூலி அறிவித்தது 2018-இல், மணிக்கு 37 ரூபாயிலிருந்து. கூலி மணிக்கணக்கு, ஆனால் வீட்டுக்காரர்கள் பேசுவது மாதக் கணக்கு, “பாத்திரம், பெருக்கித் துடைக்க, இவ்வளவு” என்று. எவர்சில்வரை வைத்துப் போட்ட கணக்கு அது. பாத்திரம் பித்தளையாகிவிட்டால் அதே மாதச் சம்பளத்துக்குள் அரை மணி நேரம் கூடுதலாக நுழைந்துவிடுகிறது. வாங்கியவளுக்கு மண்வாசனை, பஸ்ஸைத் தவறவிட்டவளுக்கு அடுத்த வீட்டில் ஏச்சு. இத்தனையையும் துலக்கி அடுக்கியவளுக்கு டீ வருவது பெரும்பாலான வீடுகளில் ஜன்னல் ஓரத்தில் தனியே கவிழ்த்து வைத்த ஒரு டம்ளரில். டீக்கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்துக் கட்டுரை எழுதுகிறவர்களின் வீட்டிலும் அந்த டம்ளரைப் பார்த்திருக்கிறேன். அது மட்டும் எப்போதும் எவர்சில்வர்.

எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். புதிதாக ஒரு வீட்டில் வேலைக்குப் பேசும்போது நேரே சமையலறைக்குள் போய் அலமாரியைப் பார்ப்பார். “இந்த அண்டா தினமும் எடுப்பீங்களா, இல்ல சும்மா காட்சிக்கா?” என்று கேட்பார். வெள்ளிக்கிழமை விளக்குகளுக்குத் தனித் தொகை. பித்தளை, செம்புக்குத் தனி. புளி அவர்கள் வாங்கித் தர வேண்டும், பவுடர் கை எரிகிறது. கல்சட்டியைக் கீழே போட்டு உடைத்தால் தன் பொறுப்பில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவார். “உடையறத நீ வாங்கிட்டு என்னைத் திட்டுனா எப்பிடிம்மா?” மூன்று வீடுகள் ஒத்துக்கொண்டன. ஒரு வீட்டில் யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டு அலமாரியில் உருளிகள் மேல் தட்டுக்கு ஏறியிருந்தன, கீழே பழைய குக்கரும் எவர்சில்வர் தட்டுகளும் இறங்கியிருந்தன. அக்கா அங்கே பழைய சம்பளத்துக்கே போய்க்கொண்டிருக்கிறார்.